பாளையங்கோட்டை ரயில் நிலையம் ஏன் இத்தனை சிறியதாக, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கிறது?

மகாராஜநகர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதலில் பாளையங்கோட்டைக்குக் குடிவந்த நாள் முதல் என் மனத்தில் இருக்கும் ஐயம் இது. பள்ளிகளும் கல்லூரிகளும் மத்தியச் சிறையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நிறைந்த இந்த ஊருக்கு, திருச்செந்தூர் பாதையில் உள்ள ஒரு சிறிய நிலையம் மட்டுமே சொந்தம். சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டுமென்றால் பெரும்பாலும் தாமிரபரணி ஆற்றைக் கடந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நிலையத்தின் பெயரில் ஊர் இருக்கிறதே தவிர, ஊரின் பழைய பகுதியிலிருந்து அது தள்ளியே நிற்கிறது. ஆட்டோக்காரரிடம் ‘பாளையங்கோட்டை ஸ்டேஷன்’ என்று சொன்னால், அவர் பெரும்பாலும் காவல் நிலையமா என்று திருப்பிக் கேட்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் பங்களாக்களுக்கு அருகே புகையும் இரைச்சலும் வேண்டாமென்று ரயிலை அக்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்கிறார். கதை சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. இந்த நிலையம் எப்போது, யாரால் அமைக்கப்பட்டது, முதன்மைப் பாதை ஏன் இக்கரைக்கு வரவில்லை, அன்றாடம் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறவர்களுக்கு இது என்றைக்காவது முக்கியமான நிலையமாக இருந்ததா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். எங்கள் பள்ளி மாணவர்களுக்கு உள்ளூர் வரலாறு பற்றி ஒரு சிறு தொகுப்பு தயாரிக்கிறோம்.

சிந்துபூந்துறையான் எழுதியது:

ஐயா, பெரியவர் சொன்ன பங்களாக் கதைக்கு ஆதாரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அப்படியொரு கதை தேவைப்படவும் இல்லை. நம் பகுதிக்கு ரயில் எந்த நோக்கத்தோடு வந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல் உருவானது. திருச்சியிலிருந்து 1875-ல் மதுரை வரை வந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே உள்ள குறுகிய) பாதை, 1876-ல் தூத்துக்குடியைத் தொட்டது. கம்பெனியின் கண் திருநெல்வேலியின் மீது இல்லை, துறைமுகத்தின் மீதுதான் இருந்தது. கரிசல் காட்டுப் பருத்தி கப்பலேற வேண்டும், கொழும்புக்குப் போகிற பயணிகள் தூத்துக்குடியில் படகேற வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே பாதை சாத்தூர், கோவில்பட்டி வழியாக மணியாச்சிக்கு வந்து, அங்கிருந்து நேரே கடலை நோக்கிப் போய்விட்டது. ஜில்லாவுக்குப் பெயர் கொடுத்த திருநெல்வேலிக்குக் கிடைத்தது மணியாச்சியில் பிரிந்துவரும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிளை மட்டுமே. இன்று நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் அக்காலத்தில் முதன்மைப் பாதை என்றால் தூத்துக்குடிப் பாதைதான்.

இந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்கு நாடறிந்த ஒரு நிகழ்ச்சியே சாட்சி. 1911 ஜூன் 17-ஆம் நாள் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது, அவர் திருநெல்வேலியிலிருந்து கிளைப் பாதையில் வந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய, கொழும்புக் கப்பலோடு இணைந்த ரயிலான போட் மெயிலுக்காகப் பெட்டியில் அமர்ந்து காத்திருந்தார். ஜில்லாவின் கலெக்டரே ஆனாலும் மணியாச்சியில் காத்திருக்காமல் வடக்கே போக முடியாது. பின்னாளில் அந்த நிலையம் வாஞ்சி மணியாச்சி என்று பெயர் பெற்றது அனைவரும் அறிந்ததே.

இனி ஆற்றுக்கு வருவோம். வடக்கே கங்கைகொண்டான், தாழையூத்து வழியாக இறங்கிவரும் கிளை, தாமிரபரணியின் இடக்கரையில் இன்றைய ஜங்ஷன் இருக்கும் இடத்தில் நின்றது. பாளையங்கோட்டை வலக்கரையில், ஆற்றுக்கு அப்பால் இருந்தது. இரண்டு ஊர்களையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843 முதலே இருந்தது. வண்டிகள் கடக்கக் கல்பாலம் ஒன்று தயாராக இருக்கும்போது, கிளைப் பாதையைச் சில கிலோமீட்டர் நீட்டுவதற்காக அவ்வளவு அகலமான ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்ட எந்தக் கம்பெனி முன்வரும்? செலவைப் பார்த்து நின்றுவிட்டார்கள் என்பதே என் கருத்து. அதன் பிறகு 1902-ல் கல்லிடைக்குறிச்சிக்கும், 1903-ல் செங்கோட்டைக்கும், 1904-ல் மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கும் பாதை போனபோது, அது டவுன், பேட்டை என்று மேற்கே திரும்பியது. டவுனுக்கும் பேட்டைக்கும் நிலையங்கள் கிடைத்தன. பாளையங்கோட்டை அப்போதும் பாதைக்கு வெளியேதான் இருந்தது.

பாளையங்கோட்டைக்கு ரயில் 1923-ல்தான் வந்தது, அதுவும் கம்பெனியின் பணத்தில் வரவில்லை. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை, மாவட்ட உள்ளாட்சி அமைப்பான திருநெல்வேலி ஜில்லா போர்டுக்குச் சொந்தமான பாதை. ரயிலை ஓட்டிக்கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் நிலவரியோடு சேர்த்து ரயில்வேக்கென்று ஒரு சிறு வரி வாங்கி, அந்தப் பணத்தில் தங்கள் பகுதிக்குப் பாதை போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதில் முன்னோடி. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-லேயே அதன் பாதை திறக்கப்பட்டுவிட்டது. நம் ஜில்லா அந்த வழியில் காலம் தாழ்ந்து போனாலும், போன இடம் சரியான இடம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நெல்லும் வாழையும் உப்பும் கோயிலும் நிறைந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு செந்தூர் முருகனிடம் போய் முடிகிற பாதை அது.

உங்கள் நிலையம் சிறியதாக இருப்பதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது. அது பாளையங்கோட்டை நகரத்தின் தலைவாசலாகத் திட்டமிடப்படவில்லை. 60 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு கிராமத்துப் பாதையில், ஜங்ஷனை விட்டுப் புறப்பட்டதும் வருகிற முதல் நிறுத்தமாகத்தான் அது பிறந்தது. வரிப்பணத்தில் போட்ட பாதை என்பதால் சிக்கனம் இருந்திருக்கும். ஆற்றைக் கடந்த பாதை கோட்டைப் பகுதிக்குள் நுழையாமல் தென்புறமாக வளைந்து கிழக்கே போவதற்கும், வீடுகள் நெருங்கிய இடத்தில் நிலம் வாங்குவதைவிட வெளியில் வாங்குவது மலிவு என்ற கணக்கே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இன்று அந்த ‘வெளி’ முழுவதும் மகாராஜநகர், தியாகராஜநகர் என்று வீடுகளாகிவிட்டது.

சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நிலையங்களைச் சுற்றிப் புறநகர்கள் வளர்ந்தன. இங்கே ஊர் முந்தியது, கோட்டை முந்தியது, பள்ளிக்கூடங்கள் முந்தின. கடைசியாகத்தான் ரயில் வந்தது. தூய சவேரியார் கல்லூரி தொடங்கிய ஆண்டும் அதே 1923 என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம், கேட்டால் மகிழ்வார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்திய ரயில்வேயை 1944-ல் அரசு எடுத்துக்கொண்டது, 1951-ல் தெற்கு ரயில்வே உருவானது, திருச்செந்தூர் பாதை 2008-ல் அகலப் பாதையானது, அண்மையில் மின்மயமும் ஆனது.

புதுக்குடிக்காரர் எழுதியது:

சிந்துபூந்துறை அண்ணாச்சி வரலாற்றை விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். அன்றாடம் போய்வருகிறவர்கள் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் படித்த காலத்திலும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தப் பாதையில்தான் நான் சீசன் டிக்கெட்டில் போய்வந்தேன்.

எங்கள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கும் உங்கள் நிலையத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஸ்ரீவைகுண்டம் ஊர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது, நிலையமோ தென்கரையில் எங்கள் புதுக்குடியில் இருக்கிறது. பாதை தென்கரையோடு போகிறதால், அக்கரை ஊர்க்காரர்கள் பாலத்தைக் கடந்து வந்துதான் ரயிலேற வேண்டும். பாளையங்கோட்டைக்காரர்கள் ஜங்ஷனுக்கு ஆற்றைக் கடப்பது போலத்தான் இதுவும். ஆனால் எங்கள் ஊரில் இதைப் பற்றி யாரும் மனத்தாங்கல் கொண்டு நான் பார்த்ததில்லை.

காலை ரயிலில் யார் வருவார்கள் என்று பார்த்தால் நிலையத்தின் இயல்பு தெரியும். நாசரேத்திலும் குரும்பூரிலும் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஏறுவார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுவார்கள். வாழையிலைக் கட்டுகளைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஓரங்கள் கிழியாமல் இருக்கச் சருகைச் சுற்றி, கதவோரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு வியாபாரிகள் நிற்பார்கள். இலைக்கட்டிலிருந்து நீர் சொட்டி அந்த இடமே வழுக்கும், தெரிந்தவர்கள் அந்தக் கதவைத் தவிர்த்து அடுத்த கதவில் ஏறுவார்கள். செய்துங்கநல்லூர் தாண்டியதும் கூட்டம் இரண்டாகப் பிரியத் தயாராகும். பள்ளி, கல்லூரிக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் பாளையங்கோட்டையில் இறங்குவார்கள். ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இறங்குவதில்லை. கலெக்டர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், ஆற்றை ஒட்டி இருப்பதால், ஜங்ஷன் வரை போய்ப் பாலத்தின் வழியே திரும்பி வருவதுதான் எளிது. இலை வியாபாரிகளுக்கும் ஜங்ஷன்தான். ஆக, பாளையங்கோட்டைப் பக்கம் வேலை உள்ளவர்களிலேயே பலர் பாளையங்கோட்டை நிலையத்தைத் தாண்டிப் போகிறார்கள். நிலையம் பெரிதாகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களைச் சிறப்பு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கினார்கள். செய்துங்கநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கும் அதே 30 ரூபாய்தான். அந்த நாட்களில் அன்றாடப் பயணிகளில் கணிசமானவர்கள் பேருந்துக்கு மாறினார்கள். 2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியது, ஆனால் மாறியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது. குளங்கள் உடைந்து, செய்துங்கநல்லூருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்று, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை அன்றிரவு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள், மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலும் இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் நின்றதால் 19-ஆம் தேதிதான் அவர்களை மீட்டு, வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தனி ரயிலில் அனுப்பினார்கள். அதுவரை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள்.

பாதை ஏன் அந்த இடத்தில் அரித்தது என்று மாணவர்கள் கேட்டால், தென்கரையின் நில அமைப்பைக் காட்டுங்கள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களும், அவை நிரப்பும் குளங்களும் பாதையின் இருபுறமும் இருக்கின்றன. தண்டவாளக் கரை அந்தக் குளங்களுக்கு நடுவே ஒரு நீண்ட வரப்பு போலப் போகிறது. மடைகளின் வழியே போகும் அளவைவிடத் தண்ணீர் மிகுந்தால் அது கரையைத்தான் உடைக்கும்.

மேலப்பாளையத்தான் எழுதியது:

இருவருக்கும் மாற்றுக் கருத்தாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நிலையம் சிறியதாகப் பிறந்ததற்கு 1923 காரணமாக இருக்கலாம், ஆனால் இன்றும் சிறியதாகவே இருப்பதற்கு அந்தப் பழைய வரலாறு மட்டும் காரணமாக முடியாது.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994-ல் ஒரே மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். இந்த ஒரே மாநகருக்குள் ஜங்ஷன், டவுன், பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று ரயில் நிலையங்கள் நான்கு திசையிலும் இருக்கின்றன. ஆனால் எங்கள் மேலப்பாளையம் நிலையம் ரயில்வே நிர்வாகப் பிரிவுகளில் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. மற்றவை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தவை. நாகர்கோவில் பாதை 1981-ல் திறக்கப்பட்டபோது, ஜங்ஷனைத் தாண்டியதும் தெற்கே போகும் பாதை அந்தக் கோட்டத்தின் கணக்கில் போயிற்று. அப்போது அகலப் பாதை தெற்கிலிருந்து வந்து ஜங்ஷனில் முடிந்தது, வடக்கு, மேற்கு, கிழக்கு மூன்றும் மீட்டர் கேஜ். மதுரைப் பக்கம் அகலப் பாதையாவதற்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப் பாதையும் நிர்வாகமும் துண்டுதுண்டாக வளர்ந்த ஊரில், பேட்டையில் ஏறிப் பாளையங்கோட்டையில் இறங்கும்படியாக ஒரு ரயில் ஓட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

தென்காசியிலிருந்து வரும் ரயில் ஜங்ஷனோடு நில்லாமல் திருச்செந்தூர் வரை போகும்படி நேரங்களை அமைத்தால், டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு நேராகப் போகலாம். குலவணிகர்புரம் கேட்டில் பேருந்தும் இருசக்கர வாகனங்களும் வெயிலில் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேட் அடைத்திருக்கும்போது கடந்துபோகிற ரயிலில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

சிந்துபூந்துறையான் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நேர அட்டவணையைப் பற்றிய பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்செந்தூர் பாதையும் தென்காசிப் பாதையும் ஒற்றை வழிப் பாதைகள். எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், கிராசிங் வசதியுள்ள ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஜங்ஷனில் நாகர்கோவில் ரயில்களுக்கும் மதுரை ரயில்களுக்கும் பிளாட்பாரம் கொடுத்தது போக மிஞ்சும் இடைவெளியில்தான் இவை நுழைய முடியும். மணியாச்சி வரை இரட்டைப் பாதை வந்துவிட்டதால் வடக்கே நெருக்கடி குறைந்திருக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் 1902-லும் 1923-லும் போட்ட அதே ஒற்றை வழிதான். ஆகவே பழைய வரலாறு முழுவதும் கழிந்துவிட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மகாராஜநகர்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரிப்பணத்தில் போட்ட பாதை என்ற செய்தி எனக்கு முற்றிலும் புதியது. மாணவர்களிடம் அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். ஒரு சனிக்கிழமை அவர்களை இந்தப் பாதையில் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறோம். எங்கே ஏறி எங்கே இறங்கினால் பயனுள்ளதாக இருக்கும்?

புதுக்குடிக்காரர் எழுதியது:

பாளையங்கோட்டையில் ஏற்றாதீர்கள், ஜங்ஷனில் ஏற்றுங்கள். அப்போதுதான் பிள்ளைகள் ஆற்றுப் பாலத்தைக் காண்பார்கள். காலை ரயிலில் இடப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். செய்துங்கநல்லூருக்குப் பிறகு வயலும் வாழைத்தோட்டமும் குளங்களும் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். தாதன்குளம் வரும்போது வெள்ளத்தில் அரித்த பகுதி இதுதான் என்று காட்டலாம். திருச்செந்தூர் வரை போனால் கூட்டத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது கடினம், கந்த சஷ்டி, வைகாசி விசாகம் சமயமென்றால் நினைக்கவே வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்து ஊருக்குள் போங்கள். அணைக்கட்டையும் பார்த்துவிடலாம், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்டது இது ஒன்றுதான். கள்ளபிரான் கோயிலுக்கும் போவதாக இருந்தால் நண்பகலுக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு நடை சாத்திவிடுவார்கள். திரும்புவதற்கு மாலை ரயிலின் நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பேருந்துதான்.